உடுப்புத் தோய்க்கிற கல்லின் வரலாறு

"உங்கட காலனிக்கு வரலாறு இல்லை" என்று சொல்லிப் பிரதேச செயலகத்துக் கிளாக்கர் தில்லைநாதன் படிவத்தைத் திருப்பிக் கொடுத்தபோது ராஜரத்தினத்துக்குக் காது சிவந்துவிட்டது.

பரந்தனுக்குப் பின்பக்கம் இருக்கும் அந்தக் காலனியைத் தனிக் கிராமமாகப் பதியவேண்டும் என்று அவர் ஆறு மாதமாகக் கந்தோருக்கு நடக்கிறார். காலனிச் சங்கத்துக்கு அவர்தான் செயலாளர். பதியாவிட்டால் பக்கத்து ஊரோடு சேர்த்துவிடுவார்கள். பிறகு தண்ணீர்த் தாங்கி வேண்டுமென்றாலும் அந்த ஊர்க்காரர் மனம் வைத்தால்தான் உண்டு.

படிவத்தில் 'ஊரின் வரலாறு' என்று அரைப்பக்கம் விட்டிருந்தார்கள். எழுபத்தேழுக் கலவரத்தில் மலையகத்திலிருந்து அடிபட்டு வந்தோம், காடு வெட்டினோம், மேசன் வேலைக்கும் அரிசி ஆலைக்கும் போனோம், சண்டையில் எல்லாம் அழிந்தது, திரும்பி வந்து தகரம் போட்டோம் என்று ராஜரத்தினம் உள்ளதை உள்ளபடி எழுதியிருந்தார். அது வரலாறு இல்லையாம். வெறும் கஷ்டமாம்.

"பழசா ஏதும் இருந்தா எழுதுங்கோ" என்றார் தில்லைநாதன், மேசையிலிருந்து தலையை எடுக்காமலே.

பழசுதானே வேண்டும்? ராஜரத்தினம் நேரே பொதுக் கிணற்றடிக்குப் போனார். அங்கே காலனியில் கூலி வேலை செய்யும் அழகம்மா உடுப்புத் தோய்க்கிற கல் கிடந்தது. நாலு பக்கமும் செதுக்கிய கருங்கல். நடுவில் ஒரு சதுரக் குழி. அழகம்மா சவர்க்காரம் வைப்பது அதற்குள்தான். அதைப் படம் எடுத்தார், ஆயிரம் வருடத்துக் கல் என்று எழுதினார், கல்லை நட்டவன் ஓர் அரசன் என்றும் சேர்த்தார். அரசனுக்குத் தன் மாமனாரின் பெயரை வைத்து அனுப்பிவிட்டார்.

பதிவு வரவில்லை. பழைய கல் பார்க்கிற அதிகாரி ஒருவர் கொழும்பிலிருந்து ஜீப்பில் வந்து இறங்கினார். மொழிபெயர்க்கத் தில்லைநாதனும் கூட வந்திருந்தார். அதிகாரி சவர்க்காரத்தை இரண்டு விரலால் தூக்கி அப்பால் வைத்துவிட்டுக் கல்லைத் தடவிப் பார்த்தார். உண்மையிலேயே பழைய கல்லாம். சுற்றி இருநூறு மீற்றருக்குள் யாரும் குடியிருக்கக் கூடாதாம். அளவு நாடா புறப்பட்டது. பன்னிரண்டாவதாக அது தொட்டது ராஜரத்தினத்தின் வீட்டை.

தான் எழுதியது முழுப் பொய் என்று அவர் ஒப்புக்கொண்டார். ஆள் பொய் சொல்லலாம், கல் சொல்லாது என்றார் அதிகாரி. அப்படியானால் இது இந்த இடத்துக் கல்லே இல்லை, யாரோ உழவு இயந்திரத்தில் கொண்டுவந்து போட்டது என்று ராஜரத்தினம் அடுத்த பொய்யை எடுத்துவிட்டார். பழைய கல்லை அசைப்பது குற்றம் என்று அதிகாரி குறிப்புப் புத்தகத்தை விரித்தார். கல் முதலில் கிடந்த இடத்தைக் காட்டினால் அந்த இடத்தை வளைத்து வேலி போடுவார்களாம். காட்டாவிட்டால் வேலி இங்கேதான்.

கல் எங்கிருந்து வந்தது என்று ராஜரத்தினத்துக்குத் தெரியாது. அவருக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன. போய் அந்தக் கல்லின்மேலேயே உட்கார்ந்துவிட்டார்.

"பொய் எழுதினது நான். நான் மறியற்சாலைக்குப் போறன். ஆனா இந்தச் சனம் மூண்டு தரம் எழும்பி ஓடினது. இனி எழும்பமாட்டம். எழுதிக்கொள்ளுங்கோ."

காலனிச் சனமும் ஒவ்வொருவராக வந்து கிணற்றடியில் உட்கார்ந்தது. ஒரு பெண் சோற்றுப் பானையோடு வந்து உட்கார்ந்தாள்.

மேசன் வேலைக்குக் கல் சுமந்துவிட்டு அப்போதுதான் வந்த அழகம்மா, அழுக்கு உடுப்பு வாளியோடு சனத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தார். விஷயத்தைக் கேட்டார். கல்லைக் கொண்டுவந்தது தான்தான் என்றார். அதிகாரி பேனாவைத் திறந்தார். எங்கிருந்து என்று தில்லைநாதன் அதட்டினார்.

"ஒங்க கந்தோருக்கு அத்திவாரம் வெட்டுனது நாங்கதானுங்க ஐயா, இந்தக் கல்லு நீங்க மேச போட்டு ஒக்காந்திருக்கிற எடத்துக்கு நேர் கீழதான் கெடந்திச்சி, நாடாவ அங்க கொண்டுபோய்ப் புடிக்கச் சொல்லுங்க."