சந்தைத் தெருவுக்கேற்ற கேமரா

ஒரு தெருவைப் படமெடுக்க எந்தக் கேமரா வாங்குவது என்று ஒன்பது கூட்டம் போட்டுத் தீர்மானித்த தெரு, உலகிலேயே மதுராந்தகத்தில் உள்ள எங்கள் பழைய சந்தைத் தெரு ஒன்றுதான். தெரு நலச் சங்கத்தின் செயலாளர் என்ற முறையில் இதை அடக்கத்துடன் அறிவித்துக்கொள்கிறேன்.

சாலையில் நீட்டிக்கொண்டிருப்பதை எல்லாம் அகற்றப்போகிறோம், தெருவையும் கட்டடங்களையும் படம் பிடித்து அனுப்புங்கள் என்று அதிகாரிகள் கேட்டிருந்தார்கள். எங்கள் தெருவில் நீட்டிக்கொண்டிருந்தது ஷாஹிதாவின் நாஸ்தா கடை பெஞ்சு. இடியாப்பம் தின்ன வருகிறவர்கள் உட்காருவதற்காக ஒரு சாண் சாலையை 'விழுங்கி'யிருந்தது. பெஞ்சு போனால் அவளுக்கு வியாபாரம் பாதியாகும், வாஸ்தவம்தான். ஆனால் கடை என் வீட்டுக்கு நேர் எதிரில். தினமும் அதைப் பார்த்து நான் பட்ட வேதனை யாருக்குத் தெரியும்?

கல்பாக்கத்தில் வேலை பார்க்கும் ஆல்வின் எங்கள் 'தொழில்நுட்ப ஆலோசகர்'.

"ட்ரோன் வாங்கிடலாம் சார். மேலேர்ந்து மொத்தத் தெருவும் வுழும்" என்றார்.

"மேலேர்ந்து பாக்கறது கடவுள் வேலப்பா. சங்கத்துக்கு இன்னாத்துக்கு?" என்றேன்.

"அப்போ முன்னூத்தறுபது டிகிரி கேமரா. முன்னாடி, பின்னாடி, சைடு, அல்லாம் தெரியும்."

"பின்னாடி இன்னாத்துக்குப் பாக்கணும்? நாகரிகம்னு ஒண்ணு கீதுல்ல?"

நடந்துகொண்டே எடுக்கும் வீடியோ கேமராவையும் நானே நிராகரித்தேன். அது ஆடும். ஆவணம் ஆடலாமா?

ஒன்பதாவது கூட்டத்தில் தலைவர் தர்மராஜ் போண்டாவைத் தட்டில் வைத்துவிட்டுத் தீர்ப்புச் சொன்னார். "தூரத்துல கீறத இழுத்துக் காட்ற லென்சு, ஆடாத ஸ்டாண்டு. இது போதும். நிறுத்தி வெக்கக் கெட்டியா ஒரு எடம் வோணும், அவ்ளோதான்."

அந்த இடமாக என் வீட்டு வாசற்படியைப் பெருந்தன்மையுடன் வழங்கினேன். அவ்வளவு விசாலமான படி எங்கள் தெருவில் வேறு யாருக்கும் கிடையாது.

படப்பிடிப்பு நாளன்று சால்வை போர்த்திக்கொண்டு ஆல்வின் பக்கத்தில் நானும் நின்றேன். நாற்பத்திரண்டு படங்கள். எல்லாவற்றிலும் ஷாஹிதாவின் பெஞ்சு, தேர் மாதிரி. அதில் அடித்திருந்த ஆணி கூடத் தெரிந்தது.

ஷாஹிதா கடைக்குள்ளிருந்து எட்டிப் பார்த்தாள். "இன்னாண்ணா, எம் பெஞ்சையே எடுத்துகினு கீறீங்க?"

"கேமரா பொய் சொல்லாதும்மா."

"அப்டியா?" என்றவள், கண்ணாடி விரிசல் விட்ட தன் போனைத் தூக்கி எங்களை ஒரே ஒரு படம் எடுத்தாள். சங்கத்தின் சேவையை ஒருத்தியாவது மெச்சினாளே என்று சால்வையைச் சரிசெய்துகொண்டு நன்றாகவே சிரித்தேன்.

திங்கட்கிழமை அதிகாரி பொக்லைனோடு வந்தார். எங்கள் நாற்பத்திரண்டு படங்கள் உறையிலேயே இருந்தன. அவர் பார்த்துக்கொண்டிருந்தது ஷாஹிதா அவருடைய போனுக்கு அனுப்பியிருந்த அந்த ஒற்றைப் படத்தை. அதில் நான், ஆல்வின், கேமரா. எங்களைச் சுமந்தபடி என் வாசலிலிருந்து பாதி ரோடு வரைக்கும் இறங்கி வந்திருந்த ஏழு கிரானைட் படிகள். எண்ணிப் பார்க்கலாம், அவ்வளவு துல்லியம்.

"சார், மொதல்ல அந்தப் பெஞ்சக் கவனிங்க" என்று கடமை உணர்வோடு சுட்டிக்காட்டினேன்.

ஷாஹிதா பெஞ்சை ஒற்றைக் கையால் தூக்கிக் கடைக்குள் போட்டாள். கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள்.

"எம் பெஞ்ச உள்ள வெச்சிட்டேன் சார். அண்ணனையும் அவரு படியத் தூக்கி உள்ள வெக்கச் சொல்லுங்க."