சாட்சிக்கு வந்த கப்பல்

மூன்று பக்கம் கடலும் நாலாவது பக்கம் அரசாணைகளும் சூழ்ந்த நாடு ஒன்று இருந்தது, கண்ணுகளா. அதன் அரசருக்குத் தீயென்றால் நடுக்கம். ஆகவே போர்க்கப்பல்களின் குழாய்களையெல்லாம் ஆஸ்பெஸ்டாஸ் என்கிற கல்நாரால் சுற்றி, சுவருக்கும் கூரைக்கும் கல்நார்ப் பலகையே அடித்தார்கள். தீ பிடிக்கவில்லை. தூசிதான் கொட்டியது.

கொதிகலன் அறையிலிருந்து ஏறி வரும் மாலுமிகள், சாப்பிட உட்காருமுன் ஒருவர் தோளை ஒருவர் தட்டிவிடுவார்கள். அது அவர்கள் வழக்கம். நீலமேகம் என்ற மாலுமி, தான் படுக்கும் இடத்துக்கு நேர்மேலே இருந்த பலகையில் மனைவியின் பெயரைத் தாரால் எழுதி வைத்திருந்தார். பதினெட்டு வருடம் அதைப் பார்த்துக்கொண்டே தூங்கினார். அது உதிர்த்ததையெல்லாம் உள்ளே இழுத்துக்கொண்டார்.

ஓய்வு பெற்று முப்பது வருடம் கழித்து அவருக்கு மூச்சு அடைத்தது. கூட இருந்தவர்களுக்கும் அப்படியே. அந்த நோய்க்குப் படுக்கையும் மருந்தும் அரண்மனை மருத்துவமனையில்தான் உண்டு. அதற்கு அரசு அனுமதி வேண்டும்.

அரசு சும்மா இருக்கவில்லை. இனி மாலுமிகளின் இருமல் 'ஓய்வுக்காலத் தொண்டைப் பயிற்சி' என்றே அழைக்கப்படும் என்று முதல் ஆணை வந்தது. அந்த மாதமே நாட்டில் இருமுவோர் எவருமில்லை என்று அறிக்கை வாசித்தார்கள். பணி முடிந்த ஓராண்டுக்குள் நோயைத் தெரிவிக்காதவர் நோயாளி அல்லர் என்றது இரண்டாவது ஆணை. நோய்க்குத்தான் அந்தச் சட்டம் தெரியவில்லை, பாவம். அதற்குப் பிறகும் மன்றாடியவர்களுக்காகப் பெருங்கருணையோடு மூன்றாவது ஆணை பிறந்தது: தூசி எந்தக் கப்பலுடையதோ, அந்தக் கப்பலையே சாட்சிக்கு அழைத்து வரலாம். கப்பல்களை அரசே உடைத்துப் பல வருடம் ஆகியிருந்தது.

நீலமேகம் தன் மனைவி செங்கமலத்தோடு அவைக்குப் போனார். அவரிடம் பாதிப் பேச்சுக்குத்தான் மூச்சு இருந்தது. மீதியை அவள் முடிப்பாள்.

"ஐயா, ஒரு படுக்கை..."

"குடுத்தீங்கன்னா இந்த மழைக்காலத்தத் தாண்டிருவாரு."

மூச்சுத்துறை அமைச்சர் எழுந்தார். "தங்கள் தியாகத்தை இவ்வரசு ஒருபோதும் மறவாது. சாட்சி எங்கே?"

கிழவர் மேலே பார்த்தபடி மனைவியின் முழங்கையை அழுத்தினார். தலைக்கு மேல் பெரிய விசிறி சுற்றிச் சுற்றி, கூரைப் பலகையொன்றில் சுண்ணாம்பு உரிந்திருந்தது. அடியில் தெரிந்த தார் எழுத்தைச் செங்கமலம் எழுத்துக்கூட்டிப் படித்தாள்.

"அது எம்பேரு," என்றாள். "இவரு கையெழுத்துதான். கொம்ப இப்படித்தான் வளைப்பாரு."

உடைத்த கப்பலின் பலகைகளை வீணாக்காமல், தீக்குப் பயந்து அவையின் கூரைக்கு அடித்திருந்தார்கள். விழா எடுத்துத் திறந்து வைத்தவர் இதே அமைச்சர். பதினொரு வருடமாக அவை அதன் கீழேதான் கூடுகிறது. அமைச்சர் கனைத்தார். மறுபடியும் கனைத்தார். பின்வரிசையில் மூன்று பேர் தொண்டைப் பயிற்சி செய்தார்கள்.

நீலமேகம் மெல்லப் படியேறிப் போய், அமைச்சரின் தோளில் இருந்த வெள்ளைத் தூசியைத் தட்டிவிட்டார்.

"சாட்சி வந்திருச்சுங்க. இனி..."

"இவருக்குப் படுக்கை குடுங்கய்யா," என்றாள் செங்கமலம். "அப்படியே உங்களுக்கும் ஒண்ணு சொல்லி வச்சிருங்க."

விசாரணை மறுநாளைக்கு ஒத்திவைக்கப்பட்டது. உடனே நான்காவது ஆணை பிறந்தது: அவையின் கூரைக்குச் சுண்ணாம்பு அடிக்க வேண்டும்.

மறுநாள் கூரை பளிச்சென்று இருந்தது. சாட்சி வரவில்லை என்று மனுவைத் தள்ளுபடி செய்தார் அமைச்சர், இரண்டு தொண்டைப் பயிற்சிகளுக்கு நடுவே.