மச்சம் விழுந்த பக்கம்

படம் போனில் வந்து விழுந்ததுமே மேகத்துக்கு இடித்தது. சலூன்காரரின் மச்சம் இடது கன்னத்தில் இருந்தது. அவருக்கு வலது கன்னத்தில் அல்லவா மச்சம்?

மேகம் என்பது பெற்றவர்கள் வைத்த பேர் இல்லை. நடந்துகொண்டே கனவு காண்கிறவனைப் பின்னே எப்படிக் கூப்பிடுவது என்று பேக்கரி முதலாளி வைத்தது. முட்டையை உடைத்து ஓட்டைக் கிண்ணத்திலும் கருவைக் குப்பையிலும் போடுகிற ஆள். ஆனால் கிரீம் பையைக் கையில் கொடுத்துவிட்டால் மகராசன் பின்னி எடுத்துவிடுவான்.

இன்று சலூன்காரருக்குப் பிறந்தநாள். அவர் முகம் போட்ட கேக்கோடு போய், அவர் மகளைப் பெண் கேட்கப்போகிறான். படம் அனுப்பியதும் அவள்தான்.

"அப்பா உன்மேல செம கடுப்புல இருக்காரு," என்றாள் அவள் போனில். "'தலையில முடி இருக்கோ இல்லையோ வாரா வாரம் வந்து உக்காந்துக்கறான். வெட்டி முடிக்கிற வரைக்கும் கண்ணாடியில உன்னையே பாக்கறான். அந்தப் பயலுக்கா பொண்ணு'ங்கறாரு. இந்தக் கேக்குல அவர் மனசு இளகலேன்னா அவ்ளோதான்."

"நான் பாக்கவே இல்லைன்னு சொல்லிடேன்."

"பாத்தேல்ல?"

"பாத்தேன்."

பார்த்தது உண்மைதான். அவள் உட்காரும் கல்லா அவன் நாற்காலிக்குப் பின்னால் இருந்தது. கண்ணாடிக்குள் அவள் சிரிப்பாள், கன்னத்தில் குழி விழும், அவனுக்கு உலகமே மறந்துபோகும். எழுந்து திரும்பினால் தைரியமெல்லாம் வெட்டின முடியோடு தரையில் கிடக்கும். குனிந்த தலை நிமிராமல் வெளியே போய்விடுவான். மற்ற காதலெல்லாம் போனில்தான் நடந்தது.

இந்தக் கிரீம் படத்தில் ஒரே ஒரு சூட்சுமம் உண்டு. படத்தின் மேல் பட்டர் பேப்பரை விரித்து, கிரீமால் கோடு இழுத்து, நிறம் நிரப்பி, ஃப்ரீசரில் இறுக வைத்து, கேக்கின் மேல் கவிழ்த்துத் தாளை உரிக்க வேண்டும். கவிழ்த்தால் இடம் வலமாகிவிடும். அதனால் படத்தை முன்கூட்டியே இடவலம் மாற்றி அச்சடித்துக்கொள்வார்கள்.

மேகம் மச்சத்தை மறுபடி பார்த்தான். சட்டென்று விளங்கிவிட்டது. "என் மறதி தெரிஞ்சு அவளே திருப்பி அனுப்பியிருக்கா!" என்று பூரித்துப்போனான். இதை நாமும் திருப்பினால் காரியம் கெட்டது. அப்படியே அச்சடித்துவிட்டான்.

சாக்லேட் கிரீமால் மீசையை இழுக்கும்போது மதிய வெயில் ஜன்னல் வழியாக வந்து தாளின் மேல் படுத்துக்கொண்டது. புருவம், நெற்றி, வகிடு என்று கிரீம் தானாக வழிந்து போவதுபோல் இருந்தது. கன்னத்துக்கு ரோஸ் நிறம் நிரப்பியபோது அவன் மனசுக்குள் கல்யாணமே முடிந்துவிட்டது. அந்தச் சொக்கலில் ஃப்ரீசரை அவசரமாகத் திறந்து, கேக்கின் மேல் கவிழ்த்துத் தாளை உரித்தான். இறுகாத காது தாளோடு வந்துவிட்டது.

காதை வழித்துத் திரும்ப ஒட்டினான். அது கொஞ்சம் கீழே இறங்கி உட்கார்ந்தது. அதை மறைக்க முடியைக் கூட்டினான். இப்போது சலூன்காரரே அவசரமாக முடி வெட்டிக்கொள்ள வேண்டிய நிலைமையில் இருந்தார்.

"போதும்டா சாமி, எடுத்துட்டுக் கிளம்பு," என்றார் முதலாளி. "இன்னும் கை வெச்சே, ஆளே மாறிடுவாரு."

சலூன்காரர் வீட்டில் பெட்டியைத் திறந்ததும் கிரீமின் குளிரில் வெள்ளைப் புகை மெல்ல எழுந்தது. மேகம் அதையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"ஐயோ! மச்சம் பக்கம் மாறிப்போச்சே!" என்றாள் அவள். சிரிப்பும் இல்லை, குழியும் இல்லை. "ஏன் திருப்பல?"

"நீ திருப்பித்தானே அனுப்பினே?"

"நான் எங்க திருப்பினேன்? அவருக்கு மச்சம் இடது பக்கம்தான். எங்கப்பா மூஞ்சி எனக்குத் தெரியாதா?"

 மேகம் அவளிடமிருந்து கத்தியை வாங்கி மச்சத்தைப் பெயர்க்கப் பார்த்தான். இறுகியிருந்த மச்சம் அசையவில்லை, கத்தி வழுக்கி மூக்கைச் சீவியது. சட்டென்று கிரீமை அள்ளி மூக்கில் அப்பினான். ஜலதோஷம் பிடித்த மூக்குபோல் வீங்கிவிட்டது.

"என்ன சத்தம் இங்க?" என்று சலூன்காரரே வந்துவிட்டார்.

அவர் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு கேக்கைக் குனிந்து பார்த்தார். பின்னாலேயே வந்த அவர் மனைவியும் பார்த்தார். மேகம் தன் கால் கட்டைவிரலையே பார்த்தபடி நின்றான். எல்லாம் போச்சு.

"யார் பண்ணது?"

"நான்தான் சார். மன்னிச்சிடுங்க. மச்சம்..."

"இதுதான்யா என் மூஞ்சி!" சலூன்காரர் குரல் தழுதழுத்தது. "போட்டோவுல எல்லாம் எவனோ என் பங்காளி மாதிரி இருப்பேன். நான் பொழுதன்னைக்கும் கடைக் கண்ணாடியில பாக்கற மூஞ்சி இதான். மூக்குதான் கொஞ்சம் தடிச்சுப்போச்சு, பரவால்ல."

மனைவி பக்கம் திரும்பினார். "இவனைப் போய்த் தப்பா நெனச்சுட்டேனே! பொண்ணைப் பாக்கறான், பொண்ணைப் பாக்கறான்னு கருவிக்கிட்டிருந்தேன். பாவம், புள்ள கண்ணாடியில என்னையில்ல பாத்திருக்கான்!"

காதோடு ஒரு துண்டை வெட்டி வாயில் போட்டுக்கொண்டார். "பொண்ணு உனக்குத்தான்யா. நான் வாக்கு மாற மாட்டேன்."

மேகத்துக்குத் தரையே கிரீமாகி, தான் அதில் மிதப்பதுபோல் இருந்தது. சிரித்துக்கொண்டிருந்த அவளை நிமிர்ந்து பார்க்க இப்போதும் தைரியம் வரவில்லை.

"அது இருக்கட்டும் தம்பி," என்றார் சலூன்காரர் மனைவி. "குனிஞ்ச தலை நிமிராம சொல்லு பாப்போம். எம்பொண்ணுக்குக் கன்னத்துல குழி எந்தப் பக்கம் விழும்?"

இதைப் போய்க் கேட்க வேண்டுமா என்று மேகம் கிறக்கத்தோடு கண்ணை மூடிக்கொண்டான்.

"வலது பக்கம், ஆன்ட்டி."

அவள் சட்டென்று இடது கன்னத்தைப் பொத்திக்கொண்டாள்.

"ஏங்க," என்றார் அம்மா, "இவன் கண்ணாடியில உங்களை மட்டும் பாக்கலைங்க!"