பின்மூலைத் தூணுக்கு உபயதாரர் தேவை

கலை எப்படி வளர்கிறது என்று தெரியாமல் உலகம் இருட்டில் தடவிக்கொண்டிருந்த காலத்தில், அதைக் கண்டுபிடித்துச் சொன்ன பெருமை மெலாந்தியா நகரத்தையே சேரும். எகிப்தியர்களும் கோயில் கட்டினார்கள், மறுக்கவில்லை. ஆனால் எல்லாத் தூணையும் ஒரே மாதிரி நிறுத்திவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார்கள். மெலாந்தியர்கள் அப்படிப்பட்ட சோம்பேறிகள் அல்லர். அவர்களுடைய ஹேரா தேவி கோயில் வாசலில் ஆறு தூண்கள் நின்றன. ஒன்றுக்குப் பானை வயிறு. பக்கத்தில் இருந்தது ஒட்டடைக் குச்சி. ஒன்றின் தலை மிதிபட்ட அப்பம்போல் சப்பையாகக் கிடந்தது. இன்னொன்று கழுத்தே இல்லாமல் கூரைக்குள் புகுந்திருந்தது. ஆறுக்கும் பொதுவாக இருந்தது ஒன்றே ஒன்றுதான். ஆள் கண்மட்டத்தில், சிவப்புச் சாயம் ஊட்டிய எழுத்தில், உபயதாரரின் பெயர்.

கோயில் முதலில் முழுக்க ஓக் மரத்தால் ஆனது. மரத் தூண் பழசானால், வசதியுள்ளவர் ஒருவர் அதை எடுத்துவிட்டுக் கல் தூண் நிறுத்திப் பெயர் பொறித்துக்கொள்ளலாம் என்பது ஊர் வழக்கம். அந்தந்தக் காலத்து நாகரிகம் எதுவோ, அந்த மாதிரித் தூண். வாசல் தூண்கள் இப்படி இரண்டு மூன்று முறை ‘வளர்ந்து’விட்டன. பக்கவாட்டுத் தூண்களை ஊர்வலத்தில் வருகிறவர்கள் ஓரக்கண்ணால் பார்ப்பார்கள் என்பதால், அவற்றுக்கும் ஆள் கிடைத்தது. பின்புறத்தில், வடமேற்கு மூலையில் மட்டும் பழைய ஓக் தூண் அப்படியே நின்றது. அந்தப் பக்கம் ஊர்வலம் வருவதில்லை.

அந்தத் தூணின் காலடியில்தான் ஹேராவுக்குத் திருவிழா அங்கி நெய்யும் பெண்கள் பதினாறு பேரும் தறி போட்டு உட்கார்வார்கள். அதுவும் வழக்கம்தான். அவர்களுக்குத் தலைவி மிர்த்தாலே. அவள் கணவர் பைதிமோஸ்தான் கோயில் ஸ்தபதி. நல்ல வேலைக்காரர். தூண் தலையின் வளைவைப் பற்றிப் பேச ஆரம்பித்தாரானால் எதிரே இருக்கும் சோறு ஆறிவிடும், எதிரே இருக்கும் மனிதரும் ஆறிவிடுவார்.

ஒரு மத்தியானம் அவர் பார்லி ரொட்டியைப் பிய்த்து வாயில் போடும்போது, மிர்த்தாலே தட்டின் ஓரத்தில் ஒரு கைப்பிடி பழுப்புப் பொடியைக் கொட்டினாள்.

“என்னது, சீரகமா?”

“தூணு.”

“எந்தத் தூணு?”

“நான் சாஞ்சு உக்காந்து நெய்யற தூணு. விரலை விட்டுப் பாத்தேன், முட்டி வரைக்கும் உள்ள போச்சு. இன்னும் கொஞ்சம் விட்டா அந்தப் பக்கம் வந்திருக்கும்.”

பைதிமோஸுக்கு அந்தத் தூண் உளுத்துவிட்டது என்பது நன்றாகவே தெரியும். சபையில் எப்படிச் சொல்வது என்று யோசித்துக்கொண்டிருந்தார். யோசனை வெகுகாலமாக நடந்துகொண்டிருந்தது.

“சொல்லணும்னுதான் இருந்தேன்…”

“எப்ப? கூரை என் தலையில உக்காந்த அப்புறமா? நாய்மேல ஆணையாச் சொல்றேன், வர்ற கூட்டத்துல நீங்க பேசலேன்னா, இந்தப் பொடியிலதான் உங்களுக்கு ராத்திரிக் கஞ்சி.”

பைதிமோஸ் பேசினார். நகரசபையின் ‘கோயிற்கலை வளர்ச்சிக் குழு’ கூடியிருந்தது. தலைவர் எண்ணெய் வியாபாரி பாம்பிலோஸ். கலையைப் பற்றி அவருக்குத் தெரியாதது எதுவும் இல்லை, ஏனென்றால் ஊரில் பாதி ஒலிவத் தோப்பு அவருடையது.

“பின்மூலையா?” என்றார் பாம்பிலோஸ், ஏதோ ஆபாசமான சொல்லைக் கேட்டவர்போல. “அங்க யாருப்பா பாக்கப் போறா?”

“ஹேரா தாயார் பாப்பாங்க, ஐயா.”

“தாயார் கிழக்க பாத்தில்ல உக்காந்திருக்காங்க? முதுகுக்குப் பின்னாடி தூணு வெச்சா அவங்களுக்கு எப்படித் தெரியும், யாரு குடுத்தான்னு?”

இந்த இறையியல் வாதத்தைச் சபை தலையாட்டி ஏற்றுக்கொண்டது.

“பேரு பெரிய எழுத்துல போட்டுடலாம்,” என்று பைதிமோஸ் குரலைத் தாழ்த்தினார்.

“யாரு படிக்கறதுக்கு? நெசவுப் பொம்பளைங்களா? அவங்களுக்கு என்னோட பேரு தெரியும்ப்பா. எண்ணெய்க் கடன் வாங்கறவங்கதானே.”

கடைசியில் குழு ஏகமனதாக ஒரு தீர்மானம் நிறைவேற்றியது. கோயிலின் ‘உறுதியைக் கருத்தில் கொண்டு’, வாசலில் பாம்பிலோஸின் தாத்தா நிறுத்திய கல் தூணை அகற்றிவிட்டு, அங்கே பாம்பிலோஸ் புதிய தூண் நிறுத்துவார். தாத்தாவின் தூணில் ஒரு கீறல்கூட இல்லை. ஆனால் அது பானை வயிற்றுக்காரத் தூண். கொரிந்துப் பக்கமெல்லாம் இப்போது இடை மெலிந்த தூண்தான் என்று பாம்பிலோஸ் கேள்விப்பட்டிருந்தார். வரைபடத்தைப் பார்த்ததும் பைதிமோஸுக்கும் கை பரபரத்தது. அந்த வளைவை அவர் நெடுநாளாக மனத்திலேயே வைத்திருந்தார். வீட்டுக்குப் போய் இதை எப்படிச் சொல்வது என்ற கவலையோடும், மிகுந்த மகிழ்ச்சியோடும் வேலையைத் தொடங்கினார்.

புதுத் தூண் வந்தது. தாத்தாவின் தூண் கழற்றப்பட்டு, வண்டிச்சக்கரம் மாதிரி வட்டத் துண்டுகளாகக் கோயில் முற்றத்தில் கிடந்தது. பைதிமோஸுக்கு அப்போதுதான் வழி புலப்பட்டது.

“ஐயா, இதையே பின்னாடி நிறுத்திடறேன். கல்லு இருக்கு, ஆளு இருக்கு. உங்களுக்கு ஒரு காசு செலவில்ல.”

பாம்பிலோஸ் முகம் சிவந்துவிட்டது. “எங்க தாத்தாவைப் பின்பக்கம் கொண்டுபோய் நிறுத்துவியா? அவரு என்ன ஆடு மேய்ச்சவரா? முற்றத்துலயே கிடக்கட்டும். கௌரவமாவாவது கிடக்கும்.”

மிர்த்தாலே இதைக் கேட்டாள். மறுநாள் காலை பெண்கள் பதினாறு பேரும் தறிகளைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்துவிட்டார்கள். தூணுக்குத் தூண் கயிறு கட்டினார்கள். பாதி நெய்த அங்கியையும், சாயம் தோய்த்த கம்பளி நூல் கற்றைகளையும் அதில் தொங்கவிட்டார்கள். ஆறு உபயதாரர்களின் பெயர்களும் குங்குமப்பூ நிற நூலுக்குப் பின்னால் மறைந்துபோயின.

பாம்பிலோஸ் ஓடிவந்தார். “ஏம்மா, இது என்ன அக்கிரமம்? எழுத்து மறையுதே!”

“சூரியன் இங்கதான் நல்லா வருது, ஐயா. பெரிய மனுஷங்க பேரு பக்கத்துல உக்காந்து நெய்தா கையே தனியா ஓடுது.”

“பின்னாடிதானே உங்க இடம்?”

“பின்னாடி எங்க தலைக்கு மேல ஒரு பயம் இருக்கு. இங்க வெறும் பேருதான் இருக்கு. பேரு விழுந்தா வலிக்காது.”

ஒரு வாரத்தில் குழு கூடிப் பெருந்தன்மையோடு இறங்கிவந்தது. பாம்பிலோஸின் தாத்தாவைப் பின்மூலையில் நிறுத்தலாம், ஆனால் பெயரைச் சுவர்ப்பக்கம் திருப்பிவிட வேண்டும். கல் தூண் நிற்கும்வரை தாங்கட்டும் என்று பைதிமோஸ் அன்றைக்கே ஓடிப்போய் ஓக் தூணுக்கு இருபுறமும் தடித்த மரங்களால் முட்டுக் கொடுத்தார். பெண்கள் தறியோடு திரும்பிப் போனார்கள். அன்று மிர்த்தாலே கணவருக்கு ஆட்டுப் பாலாடைக்கட்டியும் தேனும் வைத்தாள். பைதிமோஸ் அதைச் சாப்பிட்டுக்கொண்டே கூரை உத்திரத்தின் எடையை உற்சாகமாக விளக்கினார், அவளும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

இந்த நேரம் பார்த்துத்தான் ஏதென்ஸிலிருந்து ஓர் அறிஞர் வந்துசேர்ந்தார். அவர் ஊர் ஊராகப் போய்க் கோயில் பார்ப்பவர். எதைப் பார்த்தாலும் முதலில் பெருமூச்சு விடுவார். மெலாந்தியாவின் வாசல் தூண்களைப் பார்த்து அவர் பெருமூச்சு விடவில்லை. இருமினார், சால்வையால் வாயை மூடிக்கொண்டார். இயற்கை அழைப்புக்கு ஒதுங்கக் கோயிலின் பின்பக்கம் போனவர், அங்கே அப்படியே நின்றுவிட்டார்.

“ஆகா!” என்றார். “ஆதித் தூண்! முன்னோர் கை பட்ட மரம்! எல்லா ஊருலயும் பழசைத் தூக்கி எறிஞ்சுட்டாங்க. நீங்க மட்டும் இதைக் கண்ணுக்குள்ள வெச்சுக் காப்பாத்திருக்கீங்களே! என்ன பக்தி! என்ன ரசனை! யாரோட யோசனை இது?”

பின்னாலேயே வந்திருந்த பாம்பிலோஸ் ஒரு கணம்கூடத் தயங்கவில்லை. “என்னோட யோசனைதாங்க,” என்றார்.

“ஆனா இந்த முட்டுக்கட்டைங்கதான்… கண்ணை உறுத்துது.”

அன்று மாலையே குழு கூடியது. ஓக் தூண் ‘நகரத்தின் தொன்மைச் செல்வம்’ என்று அறிவிக்கப்பட்டது. அதைத் தொடுபவர்களுக்கு அபராதம். தொன்மை கெடாமலிருக்க, அங்கி அந்தத் தூணின் கீழேதான் நெய்யப்பட வேண்டும். மறுக்கும் பெண்ணின் கணவருக்கும் அபராதம். தூணின் காப்பாளராக ஸ்தபதி பைதிமோஸ் நியமிக்கப்பட்டார். திருவிழாவில் முன்வரிசையில் இருக்கை, தலைக்கு ஒலிவ மாலை. காப்பாளரின் முதல் கடமை, முட்டுக்கட்டைகளை எடுப்பது.

பைதிமோஸ் எழுந்து நின்றார். முடியாது என்று சொல்லத்தான் எழுந்தார். அந்த நேரத்தில் யாரோ அவர் தலையில் மாலையை வைத்துவிட்டார்கள், எல்லோரும் கை தட்டினார்கள். அவர் உட்கார்ந்துவிட்டார்.

மறுநாள் மிர்த்தாலே தறிக்குப் போனபோது மூலை வெறிச்சென்று இருந்தது.

“முட்டு எங்க?” என்று கணவரைக் கேட்டாள்.

“பார்வைக்கு இடைஞ்சலா இருந்துதாம்.”

“யாரு பார்வைக்கு?”

“ஏதென்ஸ்காரருக்கு.”

“அவரு போயிட்டாரா?”

“காலையிலயே கப்பலேறிட்டாரு.”

அவள் அவர் தலையில் இன்னும் இருந்த மாலையைப் பார்த்தாள். பிறகு, மற்றப் பெண்களையெல்லாம் தள்ளி, எதிர்ப்பக்கச் சுவரோரம் உட்காரச் சொன்னாள். தன் தறியை மட்டும் தூணுக்குப் பக்கத்திலேயே போட்டுக்கொண்டாள். யாராவது அங்கே உட்கார்ந்துதான் ஆக வேண்டும், இல்லாவிட்டால் பதினாறு வீட்டிலும் அபராதம். பைதிமோஸ் தினமும் வந்து அவளுக்கு எதிரில் நின்றார். வேறு எதுவும் செய்யவில்லை.

திருவிழாவுக்கு முன்னால் மழை பிடித்துக்கொண்டது. கூரை ஓடுகள் தண்ணீரைக் குடித்துக் கனத்தன. ஒரு பிற்பகலில் தூண் சத்தமே இல்லாமல் உட்கார்ந்தது, சத்தமெல்லாம் உத்திரம் விழுந்தபோதுதான். மிர்த்தாலேயை வெளியே இழுத்தார்கள். உயிர் இருந்தது. வலது கை உத்திரத்துக்கு அடியிலேயே நசுங்கிப்போயிருந்தது. வைத்தியர் அதை முழங்கைக்கு மேலே எடுத்துவிட்டார். பைதிமோஸ் வைத்தியர் வீட்டு வாசலில் உட்கார்ந்து சின்னப் பிள்ளைபோல் அழுதார். உள்ளே இருந்து அவள் அவரைக் கூப்பிடவில்லை.

குழு அவசரமாகக் கூடி ஆராய்ந்து, குற்றம் வாடைக்காற்றினுடையது என்று தீர்ப்பளித்தது. வாடைக்காற்றைச் சாந்தப்படுத்த ஒரு கறுப்பு ஆடு பலியிடப்பட்டது, எல்லோரும் இறைச்சி சாப்பிட்டார்கள். மூலையில் விழாமல் மிச்சமிருந்த கூரையை ஒரு பழைய கப்பலின் பாய்மரத்தை நட்டுத் தாங்கவைத்தார்கள். அங்கி பாதியில் நின்றதால், மற்றப் பெண்கள் பதினைந்து பேரும் அதே இடத்தில் வேலையைத் தொடர வேண்டும் என்று உத்தரவாயிற்று. மிர்த்தாலேயையும் குழு மறக்கவில்லை. அவளுக்கு ஒரு சிலை. பாரோஸ் தீவிலிருந்து வரவழைத்த சலவைக்கல். பாம்பிலோஸ் உபயம். இடம், கோயில் வாசல்.

திறப்பு விழாவுக்கு ஊரே திரண்டிருந்தது. துணியை விலக்கினார்கள். கல்லில் மிர்த்தாலே நிமிர்ந்து நின்றாள். முடி சுருள் சுருளாகத் தோளில் விழுந்தது. உடை மடிப்பு மடிப்பாக இறங்கியது. அந்தக் காலத்து நாகரிகப்படி உதட்டில் ஒரு புன்னகை. இரண்டு கைகளையும் அழகாக முன்னால் நீட்டிக்கொண்டிருந்தாள். பீடத்தில் பாம்பிலோஸின் பெயர் மூன்று வரிக்கு ஓடியது.

உயிருள்ள மிர்த்தாலே, காலியான தோள் துணியைச் செருகிக்கொண்டு, சிலையைச் சுற்றி ஒருமுறை நடந்துவந்தாள்.

“எப்படிம்மா இருக்கு?” என்றார் பாம்பிலோஸ். “கலை எவ்வளவு வளந்துடுச்சு பாத்தியா! உசுரோட நிக்கற மாதிரியே இல்ல?”

“எனக்குக் கை ஒண்ணுதானே, ஐயா.”

“அட, உள்ளதை உள்ளபடி செஞ்சா அது கலையா? கோயில் வாசல்ல ஊனமா ஒரு சிலையை வெக்க முடியுமா, சொல்லு? ஊரு பேரு என்ன ஆகும்? ரெண்டு வார்த்தை நன்றி சொல்லும்மா, எல்லாரும் காத்துக்கிட்டிருக்காங்க.”

பின்பக்கத்திலிருந்து நெசவுப் பெண்கள் பதினைந்து பேரும் நூல் ஒட்டிய கைகளோடு எழுந்து வந்து நின்றார்கள். பைதிமோஸ் முன்வரிசை இருக்கையில் உட்காராமல் அவர்களோடு போய் நின்றுகொண்டார்.

“ரொம்ப நன்றி, ஐயா,” என்றாள் மிர்த்தாலே. “ஒரே ஒரு வேண்டுதல். என் இடம் பின்மூலையில காலியாத்தான் கிடக்கு. இவளுக்கு ரெண்டு கை இருக்கு, மழைக்கும் நனையாது. இவளைத் தூக்கிட்டுப் போய் அங்க வைங்க.”

பாம்பிலோஸ் பதறிப்போய்ச் சிலையை இரண்டு கையாலும் அணைத்துப் பிடித்துக்கொண்டார்.

“பின்மூலையிலயா? உனக்குப் புத்தி கெட்டுப்போச்சா? எந்நேரமும் விழற மாதிரி இருக்கிற கூரை! சிலை என்னத்துக்கு ஆகும்?”