வெற்றிலையில் எழுதிய நம்பர்

மலேசியாவில், பத்து காஜா ஊரிலிருந்து உள்ளே போகும் மண் சாலையில், ஒரு காலத்தில் ரப்பராக இருந்து இப்போது செம்பனையாகிவிட்ட தோட்டத்தின் நடுவே, கணக்கெழுதும் கிராணி குடியிருந்த பழைய வீடு ஒன்று பல வருஷமாகப் பாழடைந்து கிடந்தது. ஆறு மாதமாக அங்கே ஜே ஜே என்று கூட்டம். டேப்லெட் சாமி எழுந்தருளியிருக்கிறார்.

சாமிகளில் பல ரகம் உண்டு. பிள்ளை வரம் கொடுக்கிற சாமி, லாட்டரிக்கு நாலு நம்பர் சொல்லுகிற சாமி, பேயோட்டுகிற சாமி. இவர் காலத்துக்கேற்ற சாமி. அப்டேட் போட்ட மறுநாளிலிருந்து நகர மறுக்கும் பழைய டேப்லெட்டுகளைப் பிடித்திருக்கும் தீய சக்தியை ஓட்டிவிடுவார். ஆயர் தாவாரிலிருந்து வேன் பிடித்து வந்தார்கள். ஹுத்தான் மெலிந்தாங்கிலிருந்து மீன் ஏற்றும் லாரியிலேயே வந்தார்கள். காய்ச்சல் கண்ட பிள்ளையைப் போல ஒவ்வொருவர் மடியிலும் ஒரு டேப்லெட், மஞ்சள் துணியில் சுற்றி.

"அப்டேட்டு எதுல வருது? காத்துல வருது. காத்துல வேற என்னென்ன வரும்னு நான் சொல்லணுமா?" என்பார் சாமி.

கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொள்ளும். விஞ்ஞானமும் மெய்ஞ்ஞானமும் ஒன்றுதான் என்று அவர்களுக்கு அப்போதே விளங்கிவிடும்.

இந்த வரிசையில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, முப்பத்தேழாம் டோக்கனைக் கையில் பிடித்துக்கொண்டு, தொப்பியை மூக்கு வரை இழுத்துவிட்டு உட்கார்ந்திருந்தவர் பெயர் சுகுமாரன். ஈப்போ பகுத்தறிவு வாசகர் வட்டத்தின் செயலாளர். நேற்று முளைத்த செயலாளர் அல்ல, இருபத்தெட்டு வருஷச் செயலாளர். முச்சந்தியில் உடைத்துப் போட்ட பூசணிக்காயை எடுத்துப்போய்க் கூட்டு வைக்கச் சொன்னவர். அவர் மடியிலும் மஞ்சள் துணி இருந்தது. பையில் மூன்று எலுமிச்சம்பழமும் இருந்தது.

கதை இதுதான். ஆறு வருஷமாக அவர் ஒரு புத்தகம் எழுதிக்கொண்டிருந்தார். தலைப்பு, 'போலிச் சாமிகளின் புரட்டு'. பத்து அத்தியாயம் முடிந்து பதினொன்றாவது பாக்கி. எல்லாம் அந்த டேப்லெட்டுக்குள்தான். வெள்ளிக்கிழமைக்குள் அச்சகத்துக்குக் கொடுத்தாக வேண்டும். வட்டத்தின் ஆண்டுவிழாவில் வெளியீடு, மண்டபம் எடுத்தாயிற்று, அழைப்பிதழும் போய்விட்டது. "ஒரு நகல் எடுத்து வைங்களேன்" என்று மனைவி வீரம்மா நூறு தடவை சொன்னாள். "அது அநாவசிய பயம், வீரம்மா. பயம்தான் மூடநம்பிக்கையோட தாய்" என்று இவர் நூறு தடவை விளக்கம் கொடுத்தார்.

மூன்று வாரத்துக்கு முன் 'இப்போதே புதுப்பிக்கவா?' என்று டேப்லெட் கேட்டது. முற்போக்குக்காரர் புதுமையை வேண்டாம் என்று சொல்லலாமா? சம்மதம் கொடுத்தார். அன்றிலிருந்து பிடித்தது சனி. (அவர் மனசுக்குள் உபயோகித்த வார்த்தை அது. நான் சேர்க்கவில்லை.) 'மூ' என்று தட்டிவிட்டு, பாலில்லாத் தேநீர், தே ஓ, கலக்கி எடுத்து வந்து உட்கார்ந்தால் திரையில் 'மூ' வரும். 'மூடநம்பிக்கை' வருவதற்குள் மத்தியானமாகிவிடும். போன ஞாயிற்றுக்கிழமை கோப்பே திறக்கவில்லை. ஒரு வட்டம் மட்டும் சுற்றிக்கொண்டே இருந்தது. ஈப்போ கடைக்காரப் பையன் திருப்பிக்கூடப் பார்க்காமல், "பழசு அங்கிள், புதுசு வாங்குங்க" என்றான்.

அந்த நேரம் பார்த்துத்தான் பத்துமலை வந்து சேர்ந்தார். வட்டத்தின் பொருளாளர்.

"அண்ணே, யாருகிட்டயும் சொல்லாதீங்க. நான் சாமிகிட்ட போனேன். இப்ப என் டேப் பறக்குதுலா! என்ன, போட்டோவெல்லாம் போயிருச்சு. தீட்டு அதுலதான் ஒட்டியிருந்திச்சாம்."

அந்தக் கடைசி வாக்கியத்தை ஒரு சின்னப் பிள்ளை கேட்டிருந்தால்கூடக் கொஞ்சம் யோசித்திருக்கும். இருபத்தெட்டு வருஷப் பகுத்தறிவு இந்தக் காதில் வாங்கி அந்தக் காதில் விட்டது. அவர் மனசில் வேறொன்று ஓடிக்கொண்டிருந்தது. ஏழு வருஷத்துக்கு முன் இந்த டேப்லெட்டை வாங்கி வந்த அன்று, புதுக் காருக்கு வைக்கிற மாதிரி இதற்கும் ஒரு எலுமிச்சம்பழம் நசுக்கிவிடலாம் என்றாள் வீரம்மா. அவர் முக்கால் மணி நேரம் சொற்பொழிவு ஆற்றினார். ஒருவேளை அன்றைக்கு நசுக்கியிருந்தால்?

"ஆராய்ச்சிக்காகப் போறேன். பதினொன்னாவது அத்தியாயத்துக்கு" என்று வீட்டில் சொன்னார்.

வீரம்மா அவர் பையைத் திறந்து பார்த்தாள். "ஆராய்ச்சிக்கு எதுக்குங்க எலுமிச்சம்பழம்? இருங்க, நானும் வாரேன்."

வீரம்மா பக்திக்காரி. வெள்ளிக்கிழமை தவறாமல் மாரியம்மன் கோயிலுக்குப் போகிறவள். அதோடு இருபது வருஷம் சூப்பர்மார்க்கெட் கவுண்டரில் நின்றவள். அம்மனிடம் கையெடுத்துக் கும்பிடுவாள். மற்ற எவர் நீட்டும் நோட்டையும் வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பாள்.

முப்பத்தெட்டாம் டோக்கன் ஆயர் தாவாரைச் சேர்ந்த கலாதேவி டீச்சர். முப்பத்தேழு இவர்கள். சாமி இரண்டிரண்டு பேராகக் கூப்பிட்டார். காவி வேட்டி, கழுத்தில் உருத்திராட்சம், பக்கத்தில் உண்டியல், பின்னால் சிவப்புத் திரை.

"புதுசா வாங்குனப்ப எலுமிச்சம்பழம் நசுக்குனீங்களா?" என்று சாமி கேட்டார்.

சுகுமாரன் தலையைக் குனிந்துகொண்டார். "இல்ல சாமி."

"அதான்!" என்றார் சாமி. கூட்டம் உச்சுக் கொட்டியது. சுகுமாரனுக்கு வெட்கமாக இருந்தது. எதற்கு வெட்கப்படுகிறோம் என்பது மட்டும் அவருக்கே தெரியவில்லை.

சாமி ஆளுக்கொரு வெற்றிலையும் பேனாவும் கொடுத்தார். "டேப்பத் தெறக்குற நம்பர இதுல எழுதி மடிச்சுக் குடுங்க. நான் பாக்க மாட்டேன். நேரா அக்கினிக்குப் போயிரும். நம்பர் எரிஞ்சா கட்டு அவுரும்."

சுகுமாரன் பேனாவைத் திறந்தார். வீரம்மா அதைப் பிடுங்கிக்கொண்டாள். "அவருக்குக் கை நடுங்கும் சாமி, நானே எழுதுறேன்." நிதானமாக எழுதி, நாலாக மடித்துக் கொடுத்தாள்.

சாமி இரண்டு டேப்லெட்டையும் இரண்டு வெற்றிலையையும் எடுத்துக்கொண்டு திரைக்குப் பின்னால் போனார். மணி அடித்தது. சாம்பிராணி வந்தது. நாலு அத்தியாயத்தில் சாம்பிராணியைக் கிழித்துத் தோரணம் கட்டியிருந்த சுகுமாரன், கண்ணை மூடிக்கொண்டு உதட்டை அசைத்தார். ஆழ்ந்த சிந்தனை என்று நினைத்துவிடாதீர்கள். வேண்டிக்கொண்டிருந்தார்.

கால் மணி நேரம் கழித்துத் திரை விலகி, சாமியின் தலை மட்டும் வெளியே வந்தது. நெற்றியில் வேர்வை.

"முப்பத்தேழு யாரு? அம்மா, நீங்க எழுதுன நம்பர் தப்பாச்சே."

வீரம்மா எழுந்து நின்றாள். "அப்படியா சாமி? வெத்தல நெருப்புக்குப் போயிருக்குமே?"

"போயிருச்சும்மா, அதெல்லாம் போயிருச்சு."

"நீங்க பாக்கவே இல்ல?"

"பாக்க மாட்டேன்னுதான் சொன்னேனே!"

"அப்ப நம்பர் தப்புன்னு யாரு சொன்னா? நெருப்பா?"

"அக்கினி பகவான் ஏத்துக்கல..." என்று சாமி ஆரம்பித்தார்.

"அஞ்சு தடவ தப்பா அமுக்குனா அரை நிமிசம் பொறுக்கச் சொல்லும். எத்தன தடவ பகவான் பொறுத்தாரு? பேய ஓட்டுறவருக்கு பாஸ்வேர்டு எதுக்குங்க? பூட்டுன வீட்டுக்குள்ள பேய் சாவி கேட்டுக்கிட்டா பூருது?"

சொல்லிக்கொண்டே போய்த் திரையைச் சரக்கென்று ஒதுக்கிவிட்டாள்.

உள்ளே ஹோமமும் இல்லை, அக்கினியும் இல்லை. ஒரு மேசை, ஏர்கான், நாலைந்து சார்ஜர், பாதி குடித்த தே தாரேக் தேநீர். விரித்து வைத்த இரண்டு வெற்றிலை, பேனா எழுத்து பளிச்சென்று தெரிய. கலாதேவி டீச்சரின் டேப்லெட் திரையில் ஒரு கேள்வி நின்றது. 'எல்லாத் தரவும் நிரந்தரமாக அழிக்கப்படும். தொடரவா?'

டீச்சர் பாய்ந்து அதை எடுத்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். "ஐயோ, என் மக கல்யாணப் படமெல்லாம் இதுலதான் இருக்கு!"

வழி காட்ட வந்து வாசலில் நின்ற பத்துமலைக்கு அப்போதுதான் தன் தீட்டு எங்கே போனது என்று விளங்கியது.

சுகுமாரன் தன் டேப்லெட்டை எடுத்து மஞ்சள் துணியில் சுற்றிக்கொண்டார். ஆறு வருஷம். பத்து அத்தியாயம். சரியான நம்பரை மட்டும் அவர் கையால் எழுதியிருந்தால், 'போலிச் சாமிகளின் புரட்டு' ஒரு போலிச் சாமியின் விரலால், ஆசிரியரின் பரிபூரண சம்மதத்தோடு செத்துப்போயிருக்கும்.

சாமியின் பூர்வாசிரமப் பெயர் விக்னேஸ்வரன். ஈப்போவில் ஹென்போன் ரிப்பேர் பார்த்தவன். அவனுக்குக் கோபம்தான் வந்தது.

"பழைய டேப்பு, பெரிய அப்டேட்டு, உள்ள எடமே இல்ல. தேவையில்லாதத அழிங்கன்னு கடையில தொண்ட கிழியச் சொன்னேன்லா. ஒருத்தன் கேட்டானா? காவி கட்டி, எலுமிச்சம்பழத்த வெச்சுச் சொன்னதும் வரிசையில நிக்கிறீங்க. நான் என்ன செய்ய?"

"அழிக்கப் போறேன்னு சொல்லிட்டு அழிச்சியா?" என்று வீரம்மா கேட்டாள்.

பின்வரிசையிலிருந்து ஒரு பெரியவர் மட்டும் மெல்ல முன்னே வந்தார். "சாமி, அவங்க தப்பு நம்பர் குடுத்தாங்க. என் நம்பர் சரியானது. எனக்கு மட்டும் செஞ்சு குடுத்துருங்களேன்."

வீட்டுக்கு வந்ததும் வீரம்மா டேப்லெட்டில் இடத்தை அடைத்துக்கொண்டிருப்பது எது என்று தேடினாள். காலை வணக்கப் படங்கள் கொஞ்சம் இருந்தன. மீதி முழுவதும் காணொளி. மூடநம்பிக்கையை எதிர்த்துச் செயலாளர் சுகுமாரன் ஆற்றிய நூற்றுப் பன்னிரண்டு உரைகள்.

"உங்க பேச்சுதாங்க அடைச்சுக்கிட்டு நிக்குது" என்றாள்.

முதல் உரையை அழிக்க அவருக்கு மனசு வரவில்லை. பத்தாவதுக்கு மேல் பழகிவிட்டது. எண்பதாவது போனபோது கோப்பு திறந்துகொண்டது. முதல் வேலையாக இரண்டு நகல் எடுத்தார்கள். டேப்லெட் ஒன்றும் பறக்கவில்லை. ஏழு வயசுக்கு உரிய நடையில் நடந்தது, எழுத அது போதும். மூன்று எலுமிச்சம்பழத்தையும் வீரம்மா பிழிந்து, அசாம் பொய் என்ற உலர்ந்த புளிப்புப் பழம் போட்டு, ஐஸ் தண்ணியாக்கிக் கொடுத்தாள்.

அதைக் குடித்துவிட்டுச் சுகுமாரன் பதினொன்றாவது அத்தியாயத்தை எழுத உட்கார்ந்தார். வெள்ளிக்கிழமை அச்சகத்துக்குப் போன அந்த அத்தியாயம் இப்படி இருந்தது:

'ஏமாறுகிறவர்கள் படிக்காதவர்கள் என்று இதுவரை பத்து அத்தியாயம் எழுதிவிட்டேன். பத்தையும் எழுதியவன்தான் முப்பத்தேழாம் டோக்கனோடு வரிசையில் உட்கார்ந்திருந்தான். அவனைக் காப்பாற்றியவள் என் உரை ஒன்றைக்கூட முழுசாகக் கேட்டதில்லை. கும்பிட வேண்டிய இடத்தில் கும்பிட்டுவிட்டு, கேட்க வேண்டிய இடத்தில் கேட்டாள். சாமி உண்டா இல்லையா என்று நீங்கள் ஆற அமர முடிவு செய்துகொள்ளுங்கள். அதற்கு முன் ஒன்றே ஒன்று. எவன் எதிரிலும் இரண்டு கையையும் கூப்பிக்கொண்டே நின்றால், திரையை விலக்கிப் பார்க்க எந்தக் கை மிச்சம் இருக்கிறது?'