பத்தடியும் என் புது வேட்டியும்

இந்த மாவட்டத்திலேயே பெட்ரோலுக்கு அதிகம் பயந்த மனிதர் யார் என்று கேட்டால் யோசிக்காமல் சொல்வேன், எங்கள் காலேஜ் பத்தடி. மாமியாருக்கு முன்னால்கூட மனிதர்கள் அவ்வளவு அடக்கமாக நடந்து நான் பார்த்ததில்லை.

அறந்தாங்கி ரோட்டில் இருக்கும் எங்கள் பொறியியல் கல்லூரியில் மாணவர்களைவிட மரங்கள் அதிகம். வாதாமரமும் தேக்கும் போட்டி போட்டு இலை கொட்டும். கூட்டிக் கூட்டி ஆயாக்களுக்கு இடுப்பு ஒடிந்ததுதான் மிச்சம் என்பதால், தாளாளர் பெட்ரோலில் ஓடும் இலை ஊதுகிற மெஷின் ஒன்றை வாங்கினார். அதை ஓட்ட வந்து சேர்ந்தவர்தான் இவர். நிஜப் பெயர் வருகைப் பதிவேட்டில் இருக்கிறது. ஆபீஸ் சூப்பிரண்டான நானே அந்தப் பெயரைச் சொல்லி அவரைக் கூப்பிட்டதில்லை.

இலை ஊதுவது பத்து நிமிஷ வேலை. ஊதுவதற்குத் தயாராவது முக்கால் மணி நேரம். ஒரு டேங்க் ஓடி முடித்த மெஷின் முதலில் ஆற வேண்டும்.

"இது என்னய்யா பால் சட்டியா, ஆறுறதுக்கு?" என்று கேட்டேன்.

"சூடா இருக்கயில பெட்ரோல் ஊத்துனா குப்புனு புடிச்சுக்கும் சார். கா மணி நேரம் போகட்டுங்க."

பெட்ரோலுக்கென்று தனி கேன். தண்ணீர் பாட்டிலில் வாங்கி வந்தால் தொடவே மாட்டார். பெட்ரோலில் டூ-டி ஆயிலை எவ்வளவு கலப்பது என்று மெஷினோடு வந்த புத்தகத்தைத் தினமும் புரட்டுவார், நேற்று ராத்திரி யாரோ வந்து அளவை மாற்றி எழுதிவிட்டுப் போனது போல. டேங்க் மூடியை மெல்லத் திருகி, புனல் வைத்து, டேங்க் கழுத்துக்குக் கீழேயே ஊற்றுவதை நிறுத்தி, மூடியை இறுக்கி, சிந்தியதைத் துடைப்பார். சிந்தாவிட்டாலும் துடைப்பார்.

அதோடு விட்டாரா? ஊற்றிய இடத்தில் ஸ்டார்ட் செய்ய மாட்டார். மெஷினைத் தூக்கிக்கொண்டு "ஒண்ணு, ரெண்டு" என்று வாய்விட்டு எண்ணியபடி பத்தடி தள்ளிப் போவார். பட்டப்பெயர் வந்தது இப்படித்தான். அங்கே தரையில் வைத்து, ரப்பர் குமிழை அமுக்கி, சோக் போட்டு, குழாய்க்கு எதிரே யாரும் இல்லை என்று உறுதிசெய்துகொண்டு கயிற்றை இழுப்பார். மெஷின் ஒரு தும்மல் தும்மும். சோக்கை எடுத்துவிட்டு மறுபடி இழுத்தால்தான் ஓடும். பக்கத்தில் எந்நேரமும் ஒரு வாளி மணல் வேறு. ஒருநாள் ஞாபகமில்லாமல் அதில் வெற்றிலை எச்சிலைத் துப்பிவிட்டேன். மனிதர் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

ஆய்வுக் குழு வந்த அன்று வாசல் முழுக்க இலை. தாளாளர் ஓடி வந்து, "என்னய்யா பண்ணிக்கிட்டிருக்க?" என்று கத்தினார்.

"மெஷின் ஆறிக்கிட்டு இருக்குங்கய்யா" என்றார் பத்தடி, நிதானமாக.

தாளாளர் ஆறவில்லை. என்னை அறைக்குக் கூப்பிட்டு, "ஆயுத பூஜை முடிஞ்ச கையோட இந்தாளை அனுப்பிருங்க. ஆர்டரை அடிச்சு வைங்க" என்றார். பத்தடியின் மகள் எங்கள் கல்லூரியிலேயே இரண்டாம் வருஷம், ஊழியர் பிள்ளை என்ற சலுகையில் படிக்கிறாள். அவர் வேலை போனால் அவள் படிப்பும் போகும். அது தெரிந்தும், உள்ளூர ஒரு திருப்தியோடுதான் டைப் அடித்தேன்.

ஆயுத பூஜை அன்று காலை அந்த ஆர்டரை மடித்து, என் புது வேட்டியின் மடிப்பில் செருகிக்கொண்டேன். கல்லூரி பஸ்கள் எலுமிச்சம்பழம் நசுக்கிப் புறப்பட்டாகிவிட்டது. அடுத்து இலை மெஷின். சூடம் காட்டியதும் அதுவும் பஸ் மாதிரியே கிளம்ப வேண்டும் என்பது தாளாளரின் ஆசை. டேங்க் காலி. பத்தடியோ துடைக்கத் துணி எடுக்கப் போயிருந்தார். நல்ல நேரம் முடியப் போகிறது. இது என்ன பெரிய வித்தை என்று நானே கேனைத் தூக்கி ஊற்றினேன். டேங்க் நிரம்பி, தரை நனைந்து, என் வேட்டியும் நனைந்தது. அதனால் என்ன என்று சூடத்தைக் கொளுத்தித் தட்டை எடுத்தேன்.

அப்போதுதான் பத்தடி வந்தார். மூக்கை உறிஞ்சினார். மெஷினைத் தூக்கிக்கொண்டு, "ஒண்ணு, ரெண்டு" என்று நடக்க ஆரம்பித்தார்.

"யோவ், இங்கிட்டு கொண்டாய்யா! நேரம் முடியுது!"

"பக்கத்துல வராதீங்க சார்! ஒங்க வேட்டியில பெட்ரோலு! தட்டைத் தள்ளி வைங்க!"

"சாமி தட்டைக் கீழ வைக்கச் சொல்றியா?"

நான் துரத்த, அவர் இன்னொரு பத்தடி தள்ளிப் போக, என் பின்னால் தாளாளர், பேராசிரியர்கள், பொரிகடலைத் தட்டோடு ஆயாக்கள் என்று ஊர்வலமே கிளம்பிவிட்டது. சட்டென்று மெஷினைக் கீழே வைத்தவர், திரும்பி என்மேல் பாய்ந்து, வேட்டியை உருவி எறிந்து, என்னை ஒரே தள்ளாகத் தள்ளினார். தட்டு சரிந்தது. சூடம் வேட்டியில் விழுந்தது.

குப்!

ஆள் உயரத்துக்கு எழுந்தது நெருப்பு. பத்தடி ஓடிப் போய் வாளியைத் தூக்கி வந்து மணலைக் கொட்டினார், நான் எச்சில் துப்பிய அதே வாளி. மொத்தக் கல்லூரிக்கும் நடுவே நான் கோடு போட்ட அண்டிராயரோடு நின்றேன்.

"கால்ல எங்கயாச்சும் பட்டுருச்சா சார்?" என்றார் பத்தடி.

"வேட்டி புதுசுய்யா!" என்று கத்தினேன். உயிர் பிழைத்தவன் பேசுகிற பேச்சா அது?

அவர் சாம்பலைக் கிளறி, கருகிய காகிதத் துண்டு ஒன்றை எடுத்தார். "ஆபீஸ் பேப்பர் மாதிரி தெரியுது. முக்கியமானதுங்களா?"

"ஒண்ணும் இல்லய்யா. தூரப் போடு."

ஒரு வாரம் கழித்து தாளாளர் கேட்டார். "அந்த ஆர்டர் என்னாச்சு?"

"வேட்டியோட எரிஞ்சு போச்சுங்கய்யா."

"இன்னொண்ணு அடிக்க வேண்டியதுதானே?"

"பிரிண்டர் ரிப்பேருங்க."

மூன்று வருஷம் ஆகிவிட்டது. போன மாதம் படிப்பை முடித்த பத்தடியின் மகளுக்கு நன்னடத்தைச் சான்றிதழ் அடித்துக் கொடுத்ததும் அதே பிரிண்டரில்தான். அந்த ஒரு ஆர்டருக்கு மட்டும் அது இன்னும் ரிப்பேர். நான் ரிட்டயர் ஆகும்வரை அதைச் சரிசெய்ய எனக்கு மனசு வராது.