கரண்டி முப்பத்திரண்டு கிராம்

"முப்பத்திரண்டு கிராம்" என்றார் மூலையறைக்காரர், தராசில் மூக்கு இடிக்கிற அளவுக்குக் குனிந்து.

"முப்பத்திரண்டா, முப்பத்தெட்டா? சரியாப் பாருங்க!"

"கண்ணாடி இல்லாம எனக்கு ரெண்டும் ஒண்ணாத்தான் தெரியுது சார். என் ரூம் சாவியக் குடுத்தீங்கன்னா ஒரே ஓட்டமா போய் எடுத்துட்டு வந்துடுவேன்."

"அதுக்கெல்லாம் நேரமில்ல. அடுத்த கரண்டி!"

செலவுக் கட்டுப்பாட்டு அதிகாரிக்கு உண்மையிலேயே நேரமில்லை. எங்கேயோ இரண்டு நாடுகள் ஒன்றையொன்று முறைத்துக்கொண்டு தங்கள் வானத்தை இழுத்துச் சாத்திவிட்டன. மூன்றரை மணி நேரத்தில் போய் இறங்கிக்கொண்டிருந்த அவருடைய கம்பெனி விமானம், இப்போது சுற்றிவளைத்து ஐந்தரை மணி நேரம் பறக்கிறது. எரிபொருளை அண்டா அண்டாவாகக் குடிக்கிறது. போதாததற்கு இரண்டு விமானங்கள் என்ஜின் பாகம் வராமல் கொட்டகையில் படுத்துக் கிடக்கின்றன.

"பத்து நாள் தர்றேன். நஷ்டம் குறையலேன்னா இந்த வழியையும் மூடிடுவேன், உங்க நாற்காலியையும் எடுத்துடுவேன்" என்று நிர்வாக இயக்குநர் அம்மா சொல்லிவிட்டார். அவர் சொன்னால் சொன்னதுதான்.

சண்டையை நிறுத்த அதிகாரியால் ஆகாது. என்ஜின் செய்யவும் தெரியாது. ஆனால் எடை குறைந்தால் எரிபொருள் குறையும் என்பது தெரியும். அவ்வளவு போதாதா? வீட்டுச் சமையலறைத் தராசைத் தூக்கிக்கொண்டு விமானச் சாமான் கிடங்கில் இறங்கிவிட்டார். ஊழியர்கள் அவருக்கு "கிராம் சார்" என்று பெயர் வைக்க அரை நாள்கூட ஆகவில்லை.

உதவிக்கு ஓர் ஆள் வேண்டுமே என்று மாடியேறியபோதுதான், மூலையறையில் திரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்த மனிதர் கண்ணில் பட்டார்.

"இங்க என்ன பண்றீங்க?"

"பாத்துக்கிட்டு இருக்கேன் சார்."

"பாத்தது போதும், வாங்க."

விளக்கை அணைத்தார், ஏசியை அணைத்தார், அறையைப் பூட்டிச் சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். மின்சாரமும் மிச்சம், சும்மா இருந்த ஆளுக்கும் வேலை என்று அவருக்கு ஒரே பெருமை. அந்த அவசரத்தில் மூலையறைக்காரரின் கண்ணாடி மேசைமேலேயே தங்கிவிட்டது.

போன் அடித்தது. வீட்டுக்காரி.

"ஏங்க, என் தராசு எங்க?"

"கம்பெனி வேலையா எடுத்துட்டு வந்திருக்கேன்மா."

"கேக்குக்கு மாவை எடுத்து வெச்சுட்டு அரை மணி நேரமா வீட்டையே தலைகீழாப் புரட்டிட்டு இருக்கேன். உங்க கம்பெனிக்குச் சொந்தமா ஒரு தராசுகூட இல்லையா?"

"வாங்கினா அது ஒரு செலவாச்சே! பத்து நாள் பொறுத்துக்கோ. இல்லேன்னா வேலை போய், நான் வீட்டோட உக்காந்து உனக்கு மாவு எடை போட்டுக் குடுக்க வேண்டியதுதான்."

மறுமுனையில் மாவு டப்பாவை மூடும் சத்தம் கேட்டது.

"வேணாம். தராசு அங்கயே இருக்கட்டும்" என்று வைத்துவிட்டாள்.

முதலில் பத்திரிகைகளை இறக்கினார். படிக்க ஒன்றுமில்லாத பயணிகள் பொழுது போகாமல் மணியை அழுத்தி அழுத்தித் தண்ணீர் கேட்டார்கள். நடு வானத்தில் தண்ணீர் தீர்ந்துபோனது. அடுத்த நாள் நாற்பது லிட்டர் கூடுதலாக ஏற்ற வேண்டியிருந்தது.

"அப்படியா சேதி? ஆளுக்கு ஒரு டம்ளர்தான்!" என்று உத்தரவு போட்டார். விஷயம் வெளியே கசிந்தது. பயணிகள் ஆளுக்கு இரண்டு பாட்டிலோடு ஏறினார்கள்.

போர்வைகளை இறக்கினார். ஜனங்கள் கோட்டுக்கு மேல் கோட்டு போட்டுக்கொண்டு, கையை மடக்க முடியாமல் வந்து உட்கார்ந்தார்கள். உடம்பில் போட்டிருப்பதை யார் எடை போடுவது?

இரும்புக் கரண்டியை எடுத்துவிட்டு மரக் கரண்டி வைத்தார். ஒன்று நான்கே கிராம். முதல் வாயிலேயே உடைந்தது. பணிப்பெண் ஒரு பை நிறைய உடைந்த கரண்டிகளைக் கொண்டுவந்து அவர் மேசைமேல் கொட்டினாள்.

"ஒரு சாப்பாட்டுக்கு ஆளுக்கு ஒன்பது கரண்டி ஆகுது சார். இதுல ஒருத்தர் பாதிக் கரண்டிய முழுங்கிட்டேன்னு சண்டைக்கு வர்றாரு."

"முழுங்கிட்டாரா? எத்தனை கிராம்?"

அவள் தலையில் அடித்துக்கொண்டு போனாள்.

"ஒன்பது நாலு முப்பத்தாறு..." என்று முணுமுணுத்தார் மூலையறைக்காரர். "பழைய கரண்டியே தேவலாம்போல சார். அப்புறம், அந்தச் சாவி..."

"கரண்டியப் பாருங்கய்யா!"

ஆறாம் நாள் தலைமை விமானி தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு உள்ளே வந்தார். முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது.

"மானம் போகுது சார்! நமக்குப் போட்டியா ஓட்டற அந்த நீல வால் கம்பெனிக்காரன் எனக்கு ஒரு மணி நேரம் பின்னாடி கிளம்பறான். நான் போய் இறங்கும்போது காபி குடிச்சு முடிச்சுட்டு எனக்குக் கை காட்டறான்!"

"அதெப்படி?"

"எனக்கென்ன தெரியும்? வழி போட்டுக் குடுக்கறது ஆபீஸ். நீங்க குடுத்த வழியில நான் ஓட்டறேன்."

அதிகாரி தொடையில் ஓங்கித் தட்டினார். "புரிஞ்சுபோச்சு! அவன் நம்மளவிட ஜாஸ்தி கழட்டியிருக்கான்!"

இனி கழற்ற என்ன மிச்சம் என்று சுற்றும் முற்றும் தேடிய அவர் பார்வை, கடைசியில் விமானியின் தொப்பையில் வந்து நின்றது.

"தப்பா நினைக்காதீங்க கேப்டன். நீங்க எத்தனை கிலோ இருப்பீங்க?"

வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொள்வது என்பது இதுதான். விமானி அன்றே உடம்பு சரியில்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார். பதிலுக்கு வந்த விமானியால் கதவில் பக்கவாட்டாகத் திரும்பித்தான் உள்ளே நுழைய முடிந்தது.

அதற்கும் அசரவில்லை நம்ம ஆள். ஒன்பதாம் நாள் கடைசி அஸ்திரத்தை எடுத்தார். "பயணிகள் அனைவரும் விமானம் ஏறும் முன் கழிப்பறைக்குப் போய்வருமாறு அன்புடன் கேட்டுக்கொள்கிறோம்" என்று ஒலிபெருக்கியில் சொல்லச் செய்தார். நூற்றெண்பது பேர், நான்கே கதவு. வரிசை வாசல்வரை நீண்டது.

"இப்ப வரலேன்னா டிக்கெட் செல்லாதாப்பா?" என்று ஒரு பெரியவர் கவலையோடு கேட்டார்.

விமானம் ஐம்பது நிமிடம் தாமதமாகக் கிளம்பியது. தாமதத்துக்கு விமான நிலையம் தனியாக ஒரு அபராதம் தீட்டியது.

பத்தாம் நாள் காலையில் அதிகாரி தானாகவே சாவியை எடுத்து நீட்டினார்.

"போய் கண்ணாடிய மாட்டிட்டு வாங்க. மேடம் முன்னாடி எடையத் தப்பா வாசிச்சீங்கன்னா என் கதி அதோகதிதான்."

போன மனிதர் கொஞ்ச நேரத்தில் மூச்சிரைக்க ஓடிவந்தார். "சார், ஒரு முக்கியமான விஷயம்..."

"எல்லாம் மீட்டிங் முடிஞ்சு பேசிக்கலாம். உள்ள நான் மட்டும்தான் பேசுவேன். நீங்க கரண்டியப் பிடிச்சுக்கிட்டு நின்னாப் போதும்."

நிர்வாக இயக்குநர் அம்மா கணக்குத் தாளை இரண்டு முறை படித்தார். எதிரே தராசு. பக்கத்தில், ஒரு கையில் இரும்புக் கரண்டியும் மறு கையில் மரக் கரண்டியுமாக மூலையறைக்காரர் நின்றார்.

"பத்திரிகைய இறக்கிட்டீங்க, போர்வைய இறக்கிட்டீங்க, கேப்டனையே இறக்கிட்டீங்க. ஆனா விமானம் முன்னவிட நூத்திப்பத்து கிலோ கூடுதலாப் பறக்குது. நஷ்டமும் கூடியிருக்கு. எப்படிங்க இது?"

அதிகாரி தராசைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். பாவம், கண்ணே கலங்கிவிட்டது.

"பத்து நாளாப் பொட்டுத் தூக்கமில்ல மேடம். என்னால ஆனதெல்லாம் பண்ணிட்டேன். அந்த நீல வால்காரன் எதைக் கழட்டினான்னு மட்டும் தெரிஞ்சா, அதையும் கழட்டிட்டு நான் வீட்டுக்குப் போயிடறேன்."

அம்மாவின் பார்வை மூலையறைக்காரர்மேல் திரும்பியது. "நீங்க ஏன் நெளியறீங்க? ஏதாவது சொல்லணுமா?"

"சார் பேசக் கூடாதுன்னு சொல்லியிருக்காருங்க."

"நான் சொல்றேன், பேசுங்க."

"அவங்க எதையும் கழட்டல மேடம். அந்த ரெண்டு நாடும் சத்தமில்லாம வானத்துல ஒரு வழியத் திறந்து விட்டிருக்கு. பதில் போடற கம்பெனிக்கு மட்டும்தான் அனுமதி. அவங்க உடனே பதில் போட்டுட்டு நேர் வழியில போறாங்க. நமக்கும் எட்டு நாளைக்கு முன்னாடியே செய்தி வந்திருக்கு. இன்னிக்குக் கண்ணாடி எடுக்கப் போனப்பதான் திரையில பாத்தேன்."

அதிகாரியின் கை தன்னையறியாமல் சட்டைப் பையைத் தடவியது.

"எட்டு நாளா!" அம்மா நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். "அந்தத் திரையப் பாத்துப் பதில் போட ஒரு ஆள் வெச்சிருக்கோமே, அந்த மனுஷன் பத்து நாளா எங்கதான் போய்த் தொலைஞ்சாரு?"

மூலையறைக்காரர் மணிக்கட்டால் கண்ணாடியை மேலே ஏற்றிவிட்டுக்கொண்டார்.

"நான்தாங்க மேடம் அது; பதில் போட இன்னிக்கு அஞ்சு மணிவரைக்கும் டைம் இருக்கு, இந்தக் கரண்டியக் கீழ வெச்சுட்டுப் போகட்டுங்களா?"